ஒரே தீவனம்: இரண்டு வேளையா, நான்கு வேளையா?

பத்து கிராம் எடையில் ஆயிரம் ரோகு குஞ்சுகள் குளத்தில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் பத்து கிலோ மீன். உடல் எடையில் 5 சதவீதம் என்றால் நாளுக்கு 500 கிராம் தீவனம். காலையும் மாலையும் 250 கிராம் போடலாம். நான்கு வேளையாக 125 கிராமும் போடலாம். செலவு ஒன்றுதான், வளர்ச்சி ஒன்றாக இருப்பதில்லை.

காரணம் மீனின் உடம்பிலேயே இருக்கிறது. கட்லா, ரோகு, மிருகால் என்ற கெண்டை மீன்கள் எதற்குமே இரைப்பை கிடையாது. விழுங்கியது நேராகக் குடலுக்குப் போகிறது, சேர்த்துவைக்க இடமில்லை. 250 கிராமை ஒரே நேரத்தில் கொட்டினால் கொஞ்சம் அரைகுறையாகச் செரித்து வெளியே வரும், கொஞ்சம் அடியில் படிந்து அமோனியாவாக மாறும். இன்னொன்றையும் கரையில் நின்று பார்க்கலாம். தீவனம் விழுந்ததும் முதலில் மேலே வருவது பெரிய குஞ்சுகள்தான். சின்னது ஓரமாக ஒதுங்கி நிற்கும். இரண்டே வேளை என்றால் அதற்கு இரண்டே வாய்ப்பு. மாதக் கடைசியில் வலை போட்டால் பெரிதும் பொடியுமாகக் கலந்து வருவது இதனால்தான். கெண்டைக் குஞ்சுக்கு நான்கு வேளைதான் என் கட்சி.

அப்படியானால் எட்டு வேளை போட்டால் இன்னும் வளருமா? பெரிதாக வளராது. நான்கைத் தாண்டினால் கிடைக்கும் கூடுதல் எடை குறைந்துகொண்டே போகும், ஆள்கூலி மட்டும் ஏறும்.

ஆள் இல்லாதவர்களுக்கு ஆந்திராவின் கெண்டைப் பண்ணைகளில் ஒரு நல்ல வழி உண்டு. தவிடும் புண்ணாக்கும் கலந்து, துளையிட்ட சாக்கில் நிரப்பி, மூங்கில் கம்பில் கட்டித் தண்ணீரில் தொங்கவிடுவார்கள். மீன் வந்து துளையில் வாய் வைத்து உறிஞ்சிக்கொள்ளும். போடுவது ஒருமுறை, தின்பது பலமுறை. ஆனால் சத்தில் கொஞ்சம் தண்ணீரில் கரைந்துபோகும், எந்த மீன் தின்றது என்றும் தெரியாது. ஓரளவு வளர்ந்த மீனுக்குச் சரி, பொடிக் குஞ்சுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

கொடுவா மீன் விஷயம் வேறு. அதற்கு நல்ல இரைப்பை உண்டு, நிறையத் தின்று அடக்கிவைக்கும். வளர்ந்த கொடுவாவுக்கு இரண்டு வேளையே போதும். ஆனால் குஞ்சுப் பருவத்தில் அது கெண்டையைவிட அடிக்கடி தீவனம் கேட்கும். பசித்தால் பக்கத்தில் நிற்கும் தம்பியையே விழுங்கிவிடும். தன் நீளத்தில் பாதிக்கு மேல் உள்ள குஞ்சைக்கூட விடாது. முதல் இரண்டு மாதம் இந்த ஆபத்து அதிகம். அப்போது ஐந்தாறு வேளை போடுவது எடைக்காக அல்ல, எண்ணிக்கையைக் காப்பாற்ற. அதோடு வாரம் ஒருமுறையாவது பெரிதையும் சிறிதையும் பிரித்துவிட வேண்டும். பிரிக்காமல் எத்தனை வேளை போட்டாலும் தொட்டியில் குஞ்சு குறைந்துகொண்டேதான் இருக்கும்.

எந்த மீனானாலும் முதல் வேளையை விடிந்ததுமே போடாதீர்கள். குளத்தில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருப்பது விடியற்காலையில்தான், செரிப்பதற்கும் அதுவே வேண்டும். வெயில் ஏறி எட்டு, ஒன்பது மணி ஆகட்டும். மூட்டமாக இருக்கும் நாளில் ஒரு வேளையை விட்டுவிடலாம். குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அன்று தீவனமே வேண்டாம்.