மிதவை சுவிட்சா, தன்னை அறியும் மென்பொருளா?

வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் மழைநீர் தேங்குவது வடசென்னைக்குப் பழகிப்போன தொல்லை. அப்படியோர் இடத்தில் நீர் இறைக்கும் பம்பை எதன் பொறுப்பில் விடலாம்?

மிதவை சுவிட்ச் எளிது, மலிவு. நீர் ஏறினால் மோட்டார் ஓடும், இறங்கினால் நிற்கும். பழுதானால் உள்ளூர் எலக்ட்ரீஷியனே மாற்றிவிடுவார்.

ஆனால் பம்பின் உறிஞ்சு வாயில் ஒரு பிளாஸ்டிக் பை அடைத்துக்கொண்டால்? மோட்டார் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், தண்ணீர் இறங்காது. அதைக் கண்டுபிடிக்கும் வழி சுவிட்சுக்கு இல்லை.

தன்னைப் பற்றிய மாதிரியை உள்ளே வைத்திருக்கும் மென்பொருள் அங்கேதான் வேறுபடுகிறது. மோட்டார் இவ்வளவு நேரம் ஓடினால் இவ்வளவு நீர் வெளியேற வேண்டும் என்ற கணக்கு அதனிடம் உண்டு. கணக்கு பிசகினால் மழையை மட்டுமல்ல, தன்னையும் சந்தேகிக்கும்: அடைப்பா, சென்சார் கோளாறா? மோட்டார் இழுக்கும் மின்சாரத்தைப் பார்த்துப் பிரித்தறிய முயலும், மாற்றுப் பம்பை இயக்கும், ஆளையும் அழைக்கும். 2006இல் போங்கார்ட், சைகோவ், லிப்சன் என்ற ஆய்வாளர்கள் விவரித்த நாற்கால் ரோபோ, காலின் ஒரு பகுதியை இழந்த பிறகு தன் உடலின் மாதிரியைத் திருத்தி, புதிய நடையைக் கண்டுகொண்டதும் இந்த வழியில்தான்.

செலவு அதிகம். வண்டல் சேரச் சேர அந்தக் கணக்கும் பழசாகிவிடும். விஷயம் தெரிந்தவர் ஒருவர் அதைச் சரிபார்த்தாக வேண்டும்.

இருந்தாலும் என் தேர்வு மென்பொருள்தான். அது முடங்கினால் பம்பை ஓடவைக்க மிதவை சுவிட்ச் தனி வயரில் இருக்கட்டும். வீட்டுக்குள் தண்ணீர் புகும் பகுதியில் இதற்குச் சிக்கனம் பார்க்கக் கூடாது.