மலையக ஆய்வுகூடத்தில் ஒரு நுண்ணலைப் பாலம்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

நுவரெலியாவை அண்டிய ஆய்வுகூடமொன்றில், எக்ஸ் பட்டையில் (9.5 கிகாஹேர்ட்ஸை அண்டிய நுண்ணலை வீச்சில்) இயங்கும் இலத்திரன் பரகாந்தப் பரிவு நிறமாலைமானியின், அதாவது காந்தப்புலத்தில் வைத்த மாதிரியின் சோடிசேராத இலத்திரன்கள் நுண்ணலையை உறிஞ்சுவதை அளக்கும் கருவியின், நுண்ணலைப் பகுதியை (பாலம் என்பது இதைத்தான்) நாங்களே வடிவமைத்துச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறோம். அலைமூலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நுண்ணலையைப் பிறப்பிக்கும் குறைகடத்தியான கன் இருவாயி தொந்தரவின்றி உழைக்கிறது. தலையிடியெல்லாம் மாதிரியை வைக்கும் உலோகப் பெட்டியான பரிவுக் குழியில்தான்.

வெள்ளி முலாமிட்ட எங்கள் பித்தளைக் குழி 9.5 கிகாஹேர்ட்ஸை அண்டிப் பரிவுறுகிறது. வெப்பநிலை 1 பாகை செல்சியஸ் ஏறினால் பித்தளை விரிந்து, பரிவு மீடிறன் ஏறத்தாழ 0.18 மெகாஹேர்ட்ஸ் இறங்கிவிடும். சுமையேற்றிய (அலைவழியோடு இணைத்த) குழியின் தரக்காரணி, அதாவது பரிவின் கூர்மையைக் காட்டும் எண், 3000 எனில், அதன் பட்டையகலமே 3 மெகாஹேர்ட்ஸுக்குச் சற்று மேல்தான். காலையில் உறைபனியும் நண்பகலில் சுள்ளென்ற வெயிலுமாக இருக்கும் ஜனவரியில், தானியங்கி மீடிறன் கட்டுப்பாடு இல்லாமல் இங்கே வேலை நடக்காது. அச்சுற்று அலைமூலத்தைக் குழியோடு பூட்டி வைத்தாலும், பூட்டிய மீடிறனே நாள் முழுக்க நகர்கிறது. பத்துப் பாகை மாற்றம், காந்தப்புல அச்சில் உறிஞ்சல் உச்சியை ஏறத்தாழ 0.06 மில்லிதெஸ்லா தள்ளிவிடும். ஆகவே ஒவ்வொரு பதிவிலும் மீடிறன் எண்ணியின் வாசிப்பைக் குறித்து, ஜி பெறுமானம் (மீடிறனுக்கும் உச்சி விழும் காந்தப்புலத்துக்கும் உள்ள விகிதத்தைக் குறிக்கும் எண்) 2.0036 உடைய டிபிபிஎச் என்ற நியமச் சேர்வையின் மாதிரியோடு ஒப்பிடுகிறோம். அதன் உச்சி, சரியாக 9.5 கிகாஹேர்ட்ஸில், 338.8 மில்லிதெஸ்லாவில் விழ வேண்டும்.

அடுத்த எதிரி மூடுபனி. சைகையைப் பிரித்தறியச் சேர்க்கும் 100 கிலோஹேர்ட்ஸ் பண்பேற்றப் புலம் (சிறிய அலைவுறு காந்தப்புலம்) தடித்த பித்தளையை ஊடுருவாது என்பதால் பக்கச் சுவர்களில் மெல்லிய பிளவுகள் வெட்டியுள்ளோம். ஈரப்பதனும் அந்த வழியாகவே புகுகிறது. உட்சுவரில் நீர்ப்படலம் படிந்தால், அலைவுகாட்டியில் கூராகத் தெரியும் பரிவுப் பள்ளம் அகன்று ஆழம் குறைகிறது, அலைவழிக்கும் குழிக்குமான இணைப்புத் திருகை எவ்வளவு திருப்பினாலும் தெறிப்பு பூச்சியத்துக்கு இறங்க மறுக்கிறது. பிளவுகளை மெல்லிய நாடாவால் மூடி, அலைவழியில் மைக்கா சாளரம் பொருத்தி, உலர் நைதரசனைச் சிறுகச் சிறுகச் செலுத்துவதே எங்களுக்குக் கைகொடுத்த ஏற்பாடு. விலைகூடிய அலைமூலத்துக்குச் செலவிடுவதைவிட, ஒரு நைதரசன் உருளைக்குச் செலவிடுவது மேல் என்பேன்.

உலர்ந்த தேயிலைத் தூளுக்கு இக்கருவி நன்றாகவே பொருந்துகிறது: மங்கனீசின் ஆறு கோடுகளும், அவற்றிடையே சுயாதீன மூலிகத்தின் (சோடிசேராத இலத்திரனுள்ள மூலக்கூறின்) ஒடுங்கிய கோடும் தெளிவாகப் பிரிகின்றன. பச்சைக் கொழுந்தை அப்படியே குழாயில் இட்டால் அதிலுள்ள நீர் நுண்ணலையை உறிஞ்சித் தரக்காரணியைச் சரித்துவிடும். அதற்கு மிக மெல்லிய தட்டைக் கலம் வேண்டும், அதையும் மின்புலம் மிகக் குறைந்த தளத்தில் நிறுத்த வேண்டும். எங்கள் குழியின் மாதிரித் துளை அதற்கு இடங்கொடுக்காது.