தீபாவளி அவசரத்தில் கடை வாட்ஸ்அப்பை யார் லேப்டாப்பிலும் இணைத்துவிடாதீர்கள்

காரைக்குடியில் வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கிறோம். தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை, அதிரசம். ஏழு வருடமாக எங்களுக்குக் கடை என்றால் ஒரு வாட்ஸ்அப் எண்தான். ஆர்டர், முகவரி, பணம் போட்ட ஸ்கிரீன்ஷாட் எல்லாம் அதில்தான் கிடக்கும். 2025 தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது அந்த எண் முடங்கிப்போனது. பண்டிகை நெருக்கத்தில் விளம்பரத்துக்கு ஆள் தேடுகிறவர்கள் இதை முழுதாகப் படித்துவிடுங்கள்.

வழக்கமாகப் புரட்டாசி பிறந்ததுமே பழைய வாடிக்கையாளர்களுக்குச் சொல்ல ஆரம்பித்துவிடுவோம். அந்த வருடம் மாமனாருக்கு ஆபரேஷன், ஒரு மாதம் மதுரை ஆஸ்பத்திரியிலேயே ஓடிவிட்டது. திரும்பி வந்தபோது அக்டோபர் 10. தீபாவளி 20ஆம் தேதி. கையில் இருந்தது பதினோரு ஆர்டர், ஆனால் அரிசியும் எண்ணெய் டின்களும் கடனுக்கு இறக்கியாகிவிட்டது.

அப்போதுதான் தெரிந்தவர் மூலமாக ஒருவர் வந்தார். "இருபதாயிரம் பேருக்கு மெசேஜ் போகும் அக்கா, போஸ்டரும் நானே போட்டுத் தர்றேன், 4,500 ரூபாய் கொடுங்க, ரெண்டே நாள்ல போன் நிக்காது" என்றார். பில் கேட்டதற்கு அப்புறம் தருகிறேன் என்றார். முழுப் பணத்தையும் முன்னாலேயே வாங்கிக்கொண்டார், அவர் பெயரில்கூட இல்லை, வேறு யாரோ ஒருவரின் யுபிஐக்கு. அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

பிறகு என் போனை வாங்கி, 'லிங்க்டு டிவைசஸ்' போய், அவர் லேப்டாப்பில் இருந்த கியூஆர் கோடை ஸ்கேன் செய்தார். அனுப்புவதற்கு இது வேண்டும் என்றார், நானும் சரி என்றேன். அப்படி இணைத்தால் நம் வாட்ஸ்அப்பே அந்த லேப்டாப்பில் திறந்துகொள்ளும், வாடிக்கையாளர் பெயர், எண், பேசிய பேச்சு எல்லாம் அவர் கண்முன் இருக்கும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

முறையாக அனுப்ப ஒரு வழி இருக்கிறது. வாட்ஸ்அப்பை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் பிசினஸ் சேவையில் மெசேஜை முன்கூட்டியே கொடுத்து அனுமதி வாங்க வேண்டும், சம்மதம் சொன்னவர்களுக்கு மட்டும்தான் அனுப்ப வேண்டும், ஒரு விளம்பர மெசேஜுக்கு முக்கால் ரூபாய்க்கு மேல் அவர்களே வசூலிக்கிறார்கள். இருபதாயிரம் மெசேஜ் 4,500 ரூபாய்க்கு என்றால் ஒன்று 23 பைசாகூட வரவில்லை. இந்தக் கணக்கை அன்றே போட்டிருந்தால் அவரை வாசலோடு அனுப்பியிருப்பேன். எஸ்எம்எஸ் ஒரே நாளில் அனுப்பித் தருகிறேன் என்று வருகிறவர்களிடமும் கவனமாக இருங்கள், அதற்கும் டிஎல்டி என்ற டெலிகாம் கம்பெனிகளின் பதிவுத் தளத்தில் நம் கடையையும் வாசகத்தையும் பதிவு செய்தாக வேண்டும்.

போஸ்டர் இன்னொரு கொடுமை. இரண்டு கிலோவுக்கு மேல் வாங்கினால் பத்து சதவீதம் தள்ளுபடி என்றுதான் சொல்லியிருந்தேன். போனதோ "ஒரு கிலோ வாங்கினால் ஒரு கிலோ இலவசம்". கேட்டால், அப்படிப் போட்டால்தான் ஆள் வருவார்களாம். நம்பி வாசலுக்கே வந்துவிட்ட ஆறு பேருக்கு நஷ்டத்தில் கொடுத்து அனுப்பினோம்.

16ஆம் தேதி இரவு வாட்ஸ்அப்பைத் திறந்தால் கணக்கு தடை செய்யப்பட்டிருக்கிறது என்று வருகிறது. முன்பின் தெரியாத எண்ணிலிருந்து மெசேஜ் வந்தவர்கள் ரிப்போர்ட் அடித்திருக்கிறார்கள். அனுப்ப வேண்டிய பார்சல் முகவரிகள் அத்தனையும் உள்ளே மாட்டிக்கொண்டன. அந்த ஆளோ "அது மெட்டா பிரச்சினைக்கா" என்று ஒரு முறை சொன்னார், அதோடு போனை எடுக்கவே இல்லை. மறுபரிசீலனை கேட்டு அன்றே விண்ணப்பித்தேன், எண் திரும்பக் கிடைத்தது 24ஆம் தேதி. சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்குக் கூப்பிட்டுப் புகாரும் பதிந்தேன், பணம் இதுவரை வரவில்லை.

கடைசி மூன்று நாளும் நானும் நாத்தனாரும் பழைய பில் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டோம். அதில் மட்டும் 23 ஆர்டர் வந்தது. பத்து நாளில் செய்திருக்க வேண்டியது இதைத்தான். வாட்ஸ்அப்பிலேயே அனுப்புவதென்றால் பிராட்காஸ்ட் லிஸ்ட் இருக்கிறது. ஒரு லிஸ்ட்டில் 256 பேர் வரை போடலாம், நம் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும் போகும், நம்மைத் தெரிந்தவர்களுக்கு அது போதும்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். கார்த்திகைக்கு முன்னால் கோயம்புத்தூரிலிருந்து எங்களிடம் வருடா வருடம் வாங்கும் ஆச்சி ஒருவர் ஒரு மெசேஜை அனுப்பிவைத்தார். யாரோ ஒருவர் அவரைப் பெயர் சொல்லி அழைத்து, பொரி உருண்டை வேண்டுமா என்று கேட்டிருந்தார். அடுத்தடுத்து இன்னும் மூன்று பேர் இதையே சொன்னார்கள். எங்கள் வாடிக்கையாளர் லிஸ்ட் கைமாறிவிட்டது. என்னிடம் ஆதாரம் இல்லை, ஆனால் அந்த லேப்டாப்பைத் தவிர வேறு எங்கும் எங்கள் வாட்ஸ்அப்பை நான் இணைத்ததில்லை.

"என் நம்பரை ஏம்மா அவங்களுக்குக் கொடுத்தே?" என்று ஆச்சி கேட்டார். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். மற்றவர்களுக்கும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்னும் நூற்றுச் சொச்சம் பேர் பாக்கி.