நாயின் வறண்ட கண்ணுக்கு எது? ட்ரெஹலோஸ், சைக்ளோஸ்போரின், சாதாரணக் கண்ணீர்ச் சொட்டு

ஆடிக் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக அடிக்கும்போது மனுஷனுக்கே கண் எரியும். முப்பந்தல் வழியாக பைக்கில் போய்வருகிறவர்களிடம் கேட்டால் தெரியும். அதனால்தானோ என்னவோ, வீட்டு நாய்க்குக் கண் சிவந்து பீளை தள்ளினாலும் நம் பக்கம் பழி காற்றின் மேல்தான். ஆனால் நாய்களில் வறண்ட கண் நோய்க்குப் பெரும்பாலும் காரணம், உடம்பின் எதிர்ப்பு அணுக்களே கண்ணீர்ச் சுரப்பியைத் தாக்குவது. சல்ஃபா மருந்துகளாலும் வரலாம். கண்ணின் உள்மூலையில் இருக்கும் மூன்றாம் இமையின் கண்ணீர்ச் சுரப்பியை வெட்டி எடுத்த நாய்க்கும் பின்னாளில் வரலாம். மருந்தைத் தேர்வு செய்யுமுன் காரணம் தெரிய வேண்டும்.

இப்போது அதிகம் பேசப்படுவது ட்ரெஹலோஸ். இரண்டு குளுக்கோஸ் சேர்ந்த ஒரு சர்க்கரை. தண்ணீர் வற்றினாலும் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும் ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றுயிரின் முட்டைகளில் இது நிறைய உண்டு. இறால் குஞ்சுப் பண்ணைக்காரர்களுக்கு அந்த முட்டை நன்றாகத் தெரியும். செல் காயும்போது அதன் சவ்வும் புரதங்களும் குலைந்துபோகாமல் இது தாங்கிப் பிடிக்கிறது. ஜப்பானின் ஒகயாமாவில் மாட்சுவோ என்ற ஆய்வாளர், மனிதக் கருவிழிச் செல்களை இந்தச் சர்க்கரையில் நனைத்துக் காயவைத்து, அவை சாவது குறைகிறது என்று 2001-இல் காட்டினார். மறு ஆண்டே மனிதர்களுக்குச் சொட்டாகவும் கொடுத்துப் பார்த்தார்கள், பலன் தெரிந்தது.

எலிச் சோதனைகளிலும் நல்ல பெயர்தான். ஆனால் அந்த எலிக்கு எப்படிக் கண் வறண்டது? ஸ்கோபோலமைன் என்ற மருந்தைக் கொடுத்துக் கண்ணீரைக் குறைத்து, ஈரமில்லாத அறையில் மின்விசிறிக் காற்றுப்பட வைப்பார்கள். ஏறக்குறைய முப்பந்தல் காற்றேதான். காய்வதால் வரும் சேதத்தை, காய்வதைத் தாங்க வைக்கும் சர்க்கரை குறைப்பதில் ஆச்சரியம் இல்லை. ஸ்கோபோலமைனை நிறுத்தினால் எலியின் சுரப்பி மறுபடி வேலை செய்யும். நாயிடம் சுரப்பியே அழிந்துகொண்டிருக்கிறது. எலியில் கிடைத்த வெற்றியை அப்படியே நாய்க்கு எழுதிவிட முடியாது என்பது என் கட்சி.

சைக்ளோஸ்போரின் கதை நேர்மாறு. அமெரிக்காவில் ரெனி காஸ்வான் என்ற கால்நடைக் கண் மருத்துவர் இதை நோய் வந்த நாய்களுக்கே கொடுத்துப் பார்த்தார். நாய்க் களிம்பாக அனுமதி கிடைத்தது. மனிதர்களுக்கான சொட்டு அதற்குப் பிறகு, 2002-இல்தான் வந்தது. இது எதிர்ப்பு அணுக்களை அடக்கிச் சுரப்பியை மீண்டும் சுரக்க வைக்கிறது. குறைகளும் உண்டு: பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும், பெரும்பாலும் ஆயுள் முழுக்கப் போட வேண்டும், கண்ணீர் அடியோடு வற்றிய நாய்களில் பலன் குறைவு.

மெடிக்கலில் கிடைக்கும் சாதாரணக் கண்ணீர்ச் சொட்டுகளான சிஎம்சி (கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ்), ஹயலுரானிக் சொட்டுகள் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஈரம் தரும், சீக்கிரம் வழிந்துவிடும், தினம் பலமுறை விட வேண்டும். ஒன்று மட்டும் பாருங்கள்: லேபிளில் பென்சால்கோனியம் குளோரைடு என்ற, சொட்டு கெடாமலிருக்கச் சேர்க்கும் பொருள் இருக்கிறதா என்று. சொட்டில் இருப்பதைவிட அதிக அடர்த்தியில் அதையே விட்டுத்தான் ஆய்வகத்தில் முயலுக்குக் கண்வறட்சியை உண்டாக்குகிறார்கள். அடிக்கடி விடுவதென்றால் அது இல்லாத சொட்டே சரி.

எதிர்ப்பு அணுக்களால் வந்த நோய் என்றால் என் முதல் ஓட்டு சைக்ளோஸ்போரினுக்கு. அது வேலை செய்யத் தொடங்கும்வரை கருவிழியைக் காக்க ட்ரெஹலோஸ் கலந்த சொட்டு, கட்டுப்படியானால். ஆகாவிட்டால் சிஎம்சி போதும். சர்க்கரைதானே என்று வீட்டில் சீனித் தண்ணீர் கரைத்து விடாதீர்கள். மருந்துச் சொட்டு கிருமி நீக்கி, அடர்த்தி பார்த்துச் செய்தது.

அதற்கும் முன்னால், மாட்டாஸ்பத்திரியில் ஷிர்மர் காகிதம் என்ற சிறு காகிதப் பட்டையால் கண்ணீரை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். இமைக்குள் சொருகி ஒரு நிமிடம் வைப்பார்கள். 15 மில்லிமீட்டருக்கு மேல் நனைந்தால் கண்ணீர் போதுமான அளவு இருக்கிறது; பீளைக்கு வேறு காரணம் தேட வேண்டும். 10-க்குக் கீழே என்றால் வறட்சிதான். பக், ஷிட்சு, காக்கர் ஸ்பானியல் வளர்ப்பவர்கள் பீளை வரும்வரை காத்திருக்காமல் தடுப்பூசிக்குப் போகும்போதே இதைக் கேட்டு வாங்கலாம்.