வெள்ளைக் கதவு: முகப்பைப் பார்ப்பதற்கு முன் விளிம்பைப் பாருங்கள்

கடையில் விளக்குக்குக் கீழே நிறுத்தி வைத்தால் எந்த வெள்ளைக் கதவும் அழகாகத்தான் தெரியும். ஐந்தாறு வருடம் திறந்து மூடிப் புழங்கிய பிறகு பார்த்தால், ஒன்று வாங்கியபோது இருந்த மாதிரியே இருக்கும். இன்னொன்று பழைய பல்லின் நிறத்துக்கு வந்திருக்கும். இரண்டின் டிசைனும் ஒன்றாகவே இருக்கலாம். வித்தியாசம் பூச்சிலும் விளிம்பிலும் இருக்கிறது. வாங்கும்போது அதைத்தான் யாரும் கேட்பதில்லை.

எண்ணெய் எனாமல் வெள்ளை மஞ்சளாகும். சீக்கிரமா, மெதுவாகவா என்பதுதான் மாறும். வெயில் பட்டால்தான் மஞ்சளாகும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்தப் பெயிண்டைப் பொறுத்தவரை நேர் தலைகீழ். வெளிச்சம் படாத இடம்தான் முதலில் மஞ்சளாகும். எப்போதும் சுவரோடு ஒட்டித் திறந்தே கிடக்கும் கதவை ஒருநாள் மூடிப் பாருங்கள்: சுவரைப் பார்த்தபடி இருந்த பக்கம் மறுபக்கத்தைவிடப் பழுத்திருக்கும். கதவில் மாட்டிய காலண்டரை எடுத்தால் கீழே ஒரு மஞ்சள் கட்டம். அம்மோனியா கலந்த துடைப்புத் திரவம் புழங்கினால் இன்னும் வேகம். நல்ல வெளிச்சத்தில் கொஞ்ச நாள் இருந்தால் ஓரளவு வெளுக்கும், முழுதாகத் திரும்பாது. ஸ்டோர் ரூமுக்கும் அலமாரிக்கும் எண்ணெய் எனாமல் வெள்ளை வேண்டாம் என்பது இதனால்தான்.

பியூ (பாலியூரித்தேன்) பூச்சில் சிக்கல் எதிர்த்திசையில் வரும். பூச்சை இறுக வைக்கச் சேர்க்கும் திரவம்தான் ஹார்டனர். அரோமேட்டிக் வகை ஹார்டனர் கலந்தது வெயிலில் மஞ்சளாகும், அலிஃபாட்டிக் வகை கலந்தது அப்படியே நிற்கும். ‘பியூ அடித்துத் தருகிறோம்’ என்று சொன்னால் மட்டும் போதாது; மஞ்சளாகாத ஹார்டனரா என்று கேட்டு, டின்னில் ஒட்டிய லேபிளையும் படித்துவிடுங்கள். ஜன்னலுக்கு எதிரே வரும் கதவுக்கு இது கட்டாயம்.

நீரில் கரையும் அக்ரிலிக் எனாமல்தான் நிறத்தில் நம்பகமானது. அதன் பலவீனம் கெட்டியாக எடுக்கும் நேரம். ஓரிரு மணி நேரத்தில் தொட்டால் கையில் ஒட்டாது, ஆனால் முழு இறுக்கம் வர மூன்று நான்கு வாரம் ஆகும். அதற்குள் இறுக்கி மூடி வைத்தால் கதவும் நிலையும் ஒட்டிக்கொள்ளும். இழுக்கும்போது நிலையில் சேரும் இடத்தில் பெயிண்ட் உரிந்து வரும். அந்த வாரங்களில் இரவிலும் கொஞ்சம் திறந்தே வைத்திருப்பதுதான் வழி. மூடியே தீர வேண்டும் என்றால் தொடும் விளிம்பில் மெழுகை லேசாகத் தேய்க்கலாம். நிலையில் ஒட்டும் மென்மையான வினைல் ரப்பர் பட்டையும் அக்ரிலிக்கை இளக வைக்கும், அதைத் தவிர்க்கலாம்.

லேமினேட் ஒட்டிய கதவு நிறத்தில் அசையாது, கீறலும் அவ்வளவு எளிதில் விழாது. ஆனால் வெள்ளை லேமினேட்டின் உள்ளடுக்கு பழுப்புத் தாள். அதனால் ஓரங்களில் மெல்லிய பழுப்புக் கோடு தெரியும், வெள்ளையில் அது பளிச்சென்று அடிக்கும். எட்ஜ் பேண்ட், அதாவது விளிம்பில் ஒட்டும் பட்டை, அதே வெள்ளையில் இருக்கிறதா, ஒட்டிய பசையின் கோடு எவ்வளவு மெல்லியது என்று விளிம்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் அந்த இடத்தில் அழுக்கு சேரும், சில வருடத்தில் கறுப்பு நூல் கட்டினாற்போல் ஆகிவிடும். பிவிசி ஃபாயில் போர்த்திய கதவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: சூடு படும் இடத்தில் மூலைகள் தூக்கும், தூக்கிய ஃபாயிலைத் திரும்ப ஒட்டி நேர் செய்வது பெரும்பாலும் நடக்காத காரியம்.

மர பேனல் கதவை வெள்ளையாக்குபவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். நடுப் பலகை சட்டத்தின் காடியில் (நீளப் பள்ளத்தில்) சும்மா செருகித்தான் இருக்கும். அப்படித்தான் இருக்கவும் வேண்டும், ஏனென்றால் மரம் ஈரத்தில் அகலமாகும், காய்ந்தால் சுருங்கும். பலகையையும் சட்டத்தையும் சேர்த்துக் கதவாக்கிய பிறகு பெயிண்ட் அடித்தால், வறண்ட மாதங்களில் பலகை சுருங்கிக் காடியிலிருந்து வெளியே வரும். அதன் ஓரத்தில் இரண்டு மில்லிமீட்டர் அகலத்துக்குப் பெயிண்ட் படாத வெறும் மரம் கோடாகத் தெரியும். தேக்கு நிற பாலிஷில் கண்ணுக்கே படாத இந்தக் கோடு, வெள்ளையில் அறைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே தெரியும். அந்த இடத்தைப் பட்டி வைத்து அடைத்தால் அடுத்த மழைக்காலத்தில் பலகை விரிந்து, பட்டியை நசுக்கி வெளியே தள்ளும், அல்லது சட்டத்தின் மூட்டைப் பிளக்கும். சரியான வரிசை: பலகைக்கு முதலில் பிரைமரும் ஒரு கோட்டும், பிறகு சட்டத்தோடு சேர்த்தல், பிறகு கடைசிக் கோட்டு. பைன் மரமாக இருந்தால் கணுக்களுக்கு ஷெல்லாக் (அரக்கு) பிரைமர் வேண்டும். இல்லாவிட்டால் கணுவின் பிசின் வெள்ளையை ஊடுருவிப் பழுப்பு வட்டமாக மேலே வரும். மேலே எத்தனை கோட்டு அடித்தாலும் அது அடங்காது.

இந்தத் தொல்லை வேண்டாம் என்றால் மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை, அல்லது அதைவிட அடர்த்தியான எச்டிஎஃப்பை அச்சில் வார்த்த முகப்பு. இவை சுருங்கி விரிவது மிகக் குறைவு, வெள்ளைக்கு ஏற்றவை. ஆனால் வெட்டிய விளிம்பில் தண்ணீர் ஏறினால் உப்பும், உப்பியது காய்ந்தாலும் இறங்காது. கதவின் அடி விளிம்பும் தலை விளிம்பும் கண்ணுக்குத் தெரியாதவை என்பதால் பெயிண்டர் அங்கே பிரஷ் வைப்பதே இல்லை. மாட்டுவதற்கு முன் கதவைப் படுக்கவைத்து அந்த இரண்டு விளிம்புக்கும் பிரைமரும் இரண்டு கோட்டும் கொடுக்கச் சொல்லுங்கள். மாட்டிவிட்டால் ஒரு சின்னக் கண்ணாடியைக் கீழே சரித்து அடி விளிம்பைப் பார்க்கலாம். குளியலறைக்கு எம்டிஎஃப் வேண்டவே வேண்டாம். மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூபிசி போன்ற ஈரம் தாங்கும் வகைதான் சரி.

உள்ளே கூடாக உள்ள கதவு இலேசானது, ஒலியை அவ்வளவாகத் தடுக்காது. அதன் பக்கச் சட்டம் 25 முதல் 35 மி.மீ. அகலம்தான். அளவு சரியில்லை என்று ஒரே பக்கத்தில் 15 மி.மீ. இழைத்துவிட்டால் திருகு பிடிக்க இடமிருக்காது. பூட்டு வரும் இடத்தில் உள்ளே மரக்கட்டை வைத்திருக்கிறார்களா, எந்தப் பக்கம் என்பதும் கதவில் குறித்திருக்க வேண்டும். முழு எம்டிஎஃப் கதவோ, 35 மி.மீ. தடிமனில் 2 மீட்டர் உயரம், 80 செ.மீ. அகலம் என்றால் ஏறக்குறைய 40 கிலோ. அதற்கு மூன்று கீல் கட்டாயம். கீலின் தேய்மானம் வெள்ளையில் காட்டிக்கொடுக்கும்: தண்டிலிருந்து கறுப்புப் பொடி இறங்கி நிலையில் கோடு போடும். ஸ்டெயின்லெஸ் கீலும், தண்டை உருவி ஒரு துளி வாசலினும் போதும்.

அளவெடுக்கும்போது அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் எடுத்து, சிறியதை வைத்துக்கொள்ள வேண்டும். உயரம் தரை வேலை முடிந்த பிறகுதான். பக்கங்களிலும் தலையிலும் 3 மி.மீ., அடியில் 8 முதல் 10 மி.மீ. இடைவெளி. வெள்ளைக் கதவைச் சுற்றி இந்த இடைவெளி கறுப்புக் கோடாகத் தெரியும். ஓரிடத்தில் 2, இன்னோரிடத்தில் 5 என்று இருந்தால் கதவே கோணலாகத் தோன்றும். பூட்டுப் பக்க மேல் மூலை நிலையில் உரச ஆரம்பித்தால் உடனே இழைப்புளியைத் தேடாதீர்கள். மேல் கீலின் ஒரு திருகை எடுத்துவிட்டு நிலைக்குள் ஆழமாக ஏறும் நீளத் திருகு போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

வெள்ளை என்பது ஒரே நிறம் கிடையாது. ரால் என்ற நிற எண் பட்டியலில் 9010 சற்று இதமான வெள்ளை, 9016 குளிர்ந்த வெள்ளை. நீலச்சாயல் வெள்ளைக் கதவுக்குப் பக்கத்தில் கிரீம் சுவர் அழுக்காகத் தெரியும். மாதிரிப் பலகையைச் சுவரோடு செங்குத்தாகச் சாய்த்து, பகலில் ஒருமுறை, இரவில் வீட்டு பல்பின் கீழ் ஒருமுறை பாருங்கள். பளபளப்பில், நடுத்தரமான சாட்டின் போதும்: பளபளப்பே இல்லாத மேட் பூச்சில் கைப்பிடியைச் சுற்றி கறை ஊறிவிடும், முழுப் பளபளப்பில் பட்டியின் ஒவ்வொரு மேடுபள்ளமும் தெரியும்.

அழுக்கு சேருமிடம் கைப்பிடிதான் என்று நினைப்போம். பேனல் கதவில் அடிச் சட்டத்தின் மேல் விளிம்புதான் முதலிடம். தூசி அங்கே சாம்பல் கோடாகப் படியும். ஈரத்துணி பட்டால் சேறாகி மூலைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். முதலில் உலர்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, பிறகு சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணி. மெலமைன் ஸ்பாஞ்ச் கறையை எடுக்கும், கூடவே பளபளப்பையும் எடுக்கும். அந்த இடம் மட்டும் மங்கிப்போய் நிற்கும். சானிடைசர் கையோடு கைப்பிடிப் பக்கம் தொட்டுத் தொட்டு அக்ரிலிக் பிசுபிசுப்பாவதும் உண்டு. அங்கே சற்று அகலமான பின்தட்டுள்ள கைப்பிடி உதவும்.

நிலையும் மோல்டிங்கும் சேரும் இடத்தில் விரிசல் வந்தால் சிலிக்கான் வைக்காதீர்கள், அதன்மேல் பெயிண்ட் ஒட்டாது. பெயிண்ட் அடிக்கக்கூடிய அக்ரிலிக் சீலன்ட் வேண்டும். அடித்த பெயிண்டில் கால் லிட்டரை, நிற எண்ணும் தேதியும் எழுதி, காற்றுப் புகாத சிறிய டப்பாவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பெயிண்டைச் சரிசெய்ய வேண்டி வந்தால், திட்டுத் திட்டாகத் தொட்டு வைக்காமல், 320 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, அந்தச் சட்டம் முழுவதற்கும், மூட்டிலிருந்து மூட்டு வரை, சிறிய ஃபோம் ரோலரால் ஒரே கோட்டாக ஓட்டுங்கள்.