விலகல் படிவத்தோடு வந்த வேலை: ஓர் இங்கிலாந்து ஏஜென்சியின் சேவை

மண்டைக்காடு கொடைக்காக மாசியில் தக்கலை வீட்டுக்கு வந்திருந்தபோது, இங்கிலாந்தில் என் லிமிடெட் கம்பெனி வழியாக என்னை ஆறு மாத ஒப்பந்த வேலைக்கு அனுப்பவிருந்த ஏஜென்சியிடமிருந்து ஒப்பந்தம் வந்தது. செவ்வாய்க்கிழமையே வாடிக்கையாளர் நிறுவனத்துடன் நேர்காணல் முடிந்திருந்தது. வியாழனன்று வந்த அந்த ஒப்பந்தத்தின் ஆறாம் பக்கத்தில், வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிகள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் 2003-ஆம் ஆண்டின் ஏஜென்சி நடத்தை விதிகளிலிருந்து நானும் என் கம்பெனியும் விலகிக்கொள்வதாக ஒரு வரியும், அதன் அருகிலுள்ள கட்டத்தில் அவர்களே போட்டுவைத்த டிக் குறியும் இருந்தன.

விசாரித்தபோது, எல்லாரும் கையெழுத்திடுவதுதான் வழக்கம் என்றும், மறுத்தால் அனுப்ப இயலாது என்றும் அலுவலர் கூறினார். இது விதிக்கு நேர்மாறானது. 32-ஆம் விதிப்படி, கம்பெனியும் அதன் சார்பில் வேலை செய்பவரும் தாமாக ஒப்புக்கொண்டு, வாடிக்கையாளரிடம் அறிமுகப்படுத்தப்படுவதற்கு முன்பே ஏஜென்சிக்கு அறிவித்தால்தான் விலகல் செல்லும். அதை வேலைக்கு நிபந்தனையாக்கக் கூடாது. குழந்தைகள், நோயாளிகள் போன்றோரைப் பராமரிக்கும் பணியில் இருப்பவர்கள் விலகவே முடியாது என்பதை அங்குள்ள நம் மாவட்டத்து நர்ஸுகள் அறிந்திருக்க வேண்டும்.

வளைகுடா ஏஜெண்டு நீட்டிய தாளில் கேள்வி கேட்காமல் கையெழுத்திட்டுப் பழகிய வீடுகள் நம் ஊரில் ஏராளம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். விதியைச் சுட்டி நான் எழுதிய மறுநாளே, அந்த வரி நீக்கப்பட்ட ஒப்பந்தம் வந்துவிட்டது.

அதன் பயன் மூன்றாம் மாதத்தில் தெரிந்தது. வாடிக்கையாளர் தரப்பு மேலாளர் விடுப்பில் சென்றதால் இரண்டு வார டைம்ஷீட்டுகளில் (வேலை நேரப் பதிவுத் தாள்களில்) கையெழுத்தாகவில்லை. ஏஜென்சியும் பணத்தை நிறுத்தியது. டைம்ஷீட்டில் கையெழுத்தில்லை என்பதையோ, வாடிக்கையாளர் பணம் தரவில்லை என்பதையோ காரணம் காட்டி ஊதியத்தைப் பிடித்துவைக்க 12-ஆம் விதி தடை செய்கிறது. வேலை நடந்ததா என்று சரிபார்க்க மட்டும் நியாயமான அவகாசம் எடுத்துக்கொள்ளலாம். நான் அனுப்பிய அன்றாட மின்னஞ்சல்களைப் பார்த்து, நான்கே நாளில் முழுத் தொகையையும் செலுத்தினார்கள். விலகியிருந்தால் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதைத் தவிர எனக்குப் பிடிமானம் இருந்திருக்காது.

வாடிக்கையாளரிடம் நேரடியாகச் சேர்வதற்கும் இதே கதைதான். விதிகளுக்குள் இருந்தால், வேலை தொடங்கியதிலிருந்து 14 வாரம் அல்லது முடிந்ததிலிருந்து 8 வாரம், இவற்றில் பிந்தியது கழிந்த பிறகு, என்னை நேரடியாகச் சேர்த்துக்கொள்வதற்காக ஏஜென்சி வாடிக்கையாளரிடம் மாற்றுக் கட்டணம் கேட்க முடியாது. விலகினால், சொந்தக் கம்பெனி வழியாக வேலை செய்பவரை ஊழியர்போல் கருதி வரி விதிக்கும் ஐஆர்35 விதியின் சிக்கல் வராது என்று அக்காள் மகனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த வரி விதி வேறு, இது வேறு.

மற்றபடி இவர்களுடைய சேவை நன்று. அடுத்த ஒப்பந்தத்துக்கும் இவர்களிடமே பேசுவேன். ஆனால் என் விவரங்களை யாருக்கும் அனுப்பும் முன்பே, விலகவில்லை என்று எழுத்தில் கொடுத்துவிடுவேன்.