கோஹோ சால்மனுக்கு இழுப்பா, வீச்சா?

அமெரிக்காவின் பியூஜெட் சவுண்ட் கடற்பகுதியிலோ கனடாவின் வான்கூவர் தீவின் கரையோரத்திலோ கோஹோ என்னும் சால்மன் மீனைப் பிடிக்க, சிறு படகில் முதன்முறையாக ஃபிளை (முடி, இறகு கட்டிய செயற்கை இரை) தூண்டிலுடன் இறங்குபவர் முன் இரண்டு வழிகள் உள்ளன.

ஒன்று, மான்வால் முடியில் கட்டிய நீண்ட ஃபிளையைப் படகின் பின்னால் விட்டு இழுத்துச் செல்வது. வான்கூவர் தீவின் கௌவிச்சன் விரிகுடாவில் பழகிய முறை இது. ஃபிளை நீர்ப்பரப்பை ஒட்டித் துள்ளி வர வேண்டும். மெதுவாக ஓட்டினால் பயனில்லை. வீசத் தெரியாதவருக்கும் மீன் கிடைக்கும்.

மற்றது, எஞ்சினை நிறுத்திவிட்டு ஃபிளையை வீசி, நூலைக் கையால் இழுத்து மீட்பது. 9 அடி நீளமுள்ள 8ஆம் எண் (நூலின் எடைத்தரம்) கோல், மூழ்கும் நூல், எடைக்கண் வைத்த கிளவுசர் என்னும் ஃபிளை வகை போதும். வீச்சைவிடக் கடினம், இடம் அறிவது. இரு நீரோட்டங்கள் உரசும் கோட்டில் ஹெர்ரிங் என்னும் சிறு மீனின் குஞ்சுகள் திரளும். கோஹோ அவற்றைத் துரத்தி வரும். பறவைகள் பாயும் இடத்தைப் பாருங்கள். கோஹோ பலமுறை படகருகே வரை ஃபிளையைத் தொடர்ந்து வரும். அந்த நொடியில் மலைத்துப்போய்க் கை நின்றுவிட்டால் மீன் திரும்பிவிடும். நிறுத்தாதீர்கள், நூலை இன்னும் வேகமாக இழுங்கள்!

எனக்கு வீச்சுதான் பிடிக்கும். மீன் கவ்வும் அதிர்வு நேராக விரலில் தெரிகிறது. ஆனாலும் புதியவர் முதல் சில நாட்கள் படகின் பின்னால் இழுத்துப் பார்க்கட்டும். மீன் தொட்ட இடத்தில் நின்று வீசட்டும். ஒற்றைப்படை ஆண்டுகள் விதிவிலக்கு: பியூஜெட் சவுண்டில் பிங்க் என்னும் மற்றொரு சால்மன் வகை கூட்டமாக வரும், சிறிய இளஞ்சிவப்பு ஃபிளையை முதல் நாளே வீசலாம்.

எதுவானாலும் உயிர்காப்பு அங்கி அவசியம். கரை திரும்பியதும் ரீலை (நூல் சுற்றும் உருளையை) நன்னீரில் கழுவுங்கள்.